பதில் வரும்வரை காத்திருக்கும் எச்டிடிபி அழைப்பு: ஜாவா செயலி இடையிடையே உறைந்துபோகிறது

நிழல்வரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பராமரிக்கும் ஜாவா செயலி ஒன்று, தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் விடை தருவதற்கு முன், வெளியிலிருக்கும் வேறொரு சேவையை எச்டிடிபி என்ற இணைய நெறிமுறை வழியாக அழைத்து, அது தரும் ஜேசன் (உரை வடிவத் தரவு) பதிலைப் படித்துத் தன் கணக்கை முடிக்கிறது. ஜாவா 11, உள்ளடங்கிய டாம்கேட் வலைச் சர்வர். அழைக்கும் பகுதி மட்டும் பல ஆண்டுகளுக்கு முன் எவரோ எழுதி வைத்துவிட்டுப் போனது. எச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷன் என்ற பழைய வகுப்பில் இருக்கிறது. அழைப்பு சிங்க்ரனஸ் வகையைச் சேர்ந்தது, அதாவது பதில் வரும்வரை அந்த த்ரெட் (செயலிக்குள் ஒரு வேலையைச் செய்யும் ஓட்டம்) அங்கேயே நிற்கும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செயலி முழுவதுமாக உறைந்துவிடுகிறது. வெளிச் சேவையோடு எந்தத் தொடர்பும் இல்லாத பக்கங்கள்கூடத் திறப்பதில்லை. அந்த நேரத்தில் சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கிறது, நினைவகமும் நிறைந்திருப்பதில்லை, லாகில் (செயலியின் பதிவேட்டில்) ஒரு பிழைகூட இல்லை. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது. நேற்று உறைந்த வேளையில் ஜேஸ்டாக் என்ற கருவியைக் கொண்டு த்ரெட் டம்ப், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல், எடுத்தேன். 200 த்ரெட்களும் 'சாக்கெட்ரீட்0' (வலை இணைப்பிலிருந்து படிப்பது) என்ற வரியில்தான் நிற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் நிலையும் 'ரன்னபிள்' என்று காட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் சிபியு ஏன் சும்மா இருக்க வேண்டும்?

சிங்க்ரனஸ் அழைப்பு என்பதே பழைய பாணி, எல்லாவற்றையும் அசிங்க்ரனஸாக (பதிலுக்கு நிற்காமல் மேலே போகும் வகையாக) மாற்றினால்தான் தீரும் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். அது மூன்று மாத வேலை. அதைத் தொடங்குவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

அலைவரிசை எழுதியது:

உங்கள் குழு சொல்வது சரி என்றே நினைக்கிறேன். ஜாவா 11இல் எச்டிடிபி கிளையண்ட் என்ற புதிய வகுப்பு நிலையான பகுதியாகவே வந்துவிட்டது. ஜாவா 9இல் அது சோதனை வடிவில் இருந்தது. அதிலுள்ள 'சென்ட் அசிங்க்' முறையை அழைத்தால் 'கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சர்', அதாவது பின்னால் வரப்போகும் பதிலுக்கான சீட்டு, உடனே கைக்கு வந்துவிடும், எந்த த்ரெட்டும் காத்து நிற்க வேண்டியதில்லை. ஒரு பதிலுக்காக ஒரு த்ரெட்டைக் கட்டிப்போட்டு வைப்பது வீண் செலவுதானே?

பழங்கணினி எழுதியது:

மூன்று மாத வேலையில் இறங்குவதற்கு முன் அந்த டம்பை இன்னொரு முறை பாருங்கள். நோய் இன்னதென்று அதிலேயே எழுதியிருக்கிறது.

முதலில் 'ரன்னபிள்' பற்றி. ஜாவாவின் த்ரெட் நிலை என்பது ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்முக்குத் தெரிந்த வரையில்தான் உண்மை. மானிட்டருக்காக (பூட்டுக்காக) காத்திருந்தால் 'பிளாக்ட்' என்றும், வெயிட், பார்க் முதலியவற்றில் நின்றால் 'வெயிட்டிங்' என்றும் அது காட்டும். சாக்கெட்டில் படிக்கும்போதோ த்ரெட் ஜாவாவுக்கு வெளியிலுள்ள நேட்டிவ் குறியீட்டுக்குள் இறங்கி, அங்கே இயங்குதளத்தின் கையில் உறங்கிவிடுகிறது. அந்த உறக்கம் ஜேவிஎம்முக்குத் தெரியாது. ஆகவே 'ரன்னபிள்' என்றே எழுதிவைக்கிறது. உங்கள் 200 த்ரெட்களும் உண்மையில் தூங்குகின்றன. டாம்கேட்டின் இயல்பான த்ரெட் உச்சவரம்பும் 200தான் என்பதைக் கவனியுங்கள். கடைசி த்ரெட்டும் போய் நின்றுவிட்ட பிறகு, வெளிச் சேவையோடு தொடர்பில்லாத பக்கத்தைத் திறந்து தரவும் ஆளில்லை.

ஏன் விடியும்வரை நிற்கின்றன என்பது அடுத்த கேள்வி. எச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷன் ஜேடிகே 1.1 காலத்து வகுப்பு. கனெக்ட் டைம்அவுட் (இணைப்புக்கான காத்திருப்பு எல்லை), ரீட் டைம்அவுட் (படிப்பதற்கான காத்திருப்பு எல்லை) இரண்டையும் குறிக்கும் முறைகள் ஜாவா 5இல்தான் அதில் சேர்க்கப்பட்டன. இரண்டின் இயல்பு மதிப்பும் சுழியம். இங்கே சுழியம் என்றால் எல்லையே இல்லை என்று பொருள். எதிர்முனை இணைப்பை ஏற்றுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டால், அல்லது நடுவிலிருக்கும் ஃபயர்வால் இணைப்பைச் சொல்லாமல் மறந்துவிட்டால், நம் பக்கத்து த்ரெட் செயலியின் ஆயுள் முழுவதும் காத்திருக்கும். எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுவதே இல்லை என்பதால் லாகிலும் ஒன்றும் பதிவாகாது.

இதில் சிங்க்ரனஸ் என்பதன் குற்றம் எங்கே இருக்கிறது? ஒரு அழைப்புக்கு 2 நொடி ஆனால், 200 த்ரெட்களைக் கொண்டு நொடிக்கு 100 கோரிக்கைகளை முடிக்கலாம். அதே அழைப்பு 60 நொடி இழுத்தால் நொடிக்கு மூன்றுக்குச் சற்று மேல்தான் முடிக்க முடியும். காத்திருப்பதால் கேடு வரவில்லை, எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்லாததால் வந்தது. இதே நிலையில் அசிங்க்ரனஸாக மாற்றினால் த்ரெட்கள் தப்பிக்கும், ஆனால் முடியாத ஃபியூச்சர்கள் நினைவகத்தில் குவியும். அப்போது உறைவதற்குப் பதிலாக நினைவகம் தீர்ந்து விழும், அவ்வளவுதான்.

பலர் 'சென்ட் அசிங்க்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே 'ஜாயின்' (பதில் வரும்வரை நில்) என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் சிங்க்ரனஸ் அழைப்புதான். சற்றே சுற்றி வளைத்துப் போகிறது.

சிறுகுறிப்பு எழுதியது:

குறியீட்டைத் தொடாமலே சோதித்துப் பார்க்கலாம். 'சன் நெட் கிளையண்ட் டிஃபால்ட் ரீட் டைம்அவுட்', 'டிஃபால்ட் கனெக்ட் டைம்அவுட்' என்று இரண்டு சிஸ்டம் பிராப்பர்ட்டிகள் உண்டு. மதிப்பு மில்லிநொடியில். தொடக்கக் கட்டளையில் கொடுத்தால் பழைய வகுப்பைப் பயன்படுத்தும் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

நிழல்வரி எழுதியது:

பழங்கணினி ஐயாவுக்கும் சிறுகுறிப்புக்கும் நன்றி. முதலில் பிராப்பர்ட்டியைக் கொண்டு சோதித்தோம், பின்னர் குறியீட்டிலேயே இணைப்புக்கு 3 நொடி, படிப்பதற்கு 10 நொடி என்று எழுதிவிட்டோம். மூன்று வாரம் ஒரு தொல்லையும் இல்லை. எதிர்முனை திணறும்போது 'ரீட் டைம்டு அவுட்' என்ற எக்செப்ஷன் லாகில் முறையாக விழுகிறது.

ஆனால் நேற்று மறுபடியும் பாதி உறைந்தது. இம்முறை எல்லா த்ரெட்களும் நிற்கவில்லை, எழுபது எண்பது மட்டும் நின்றன. அழைப்பின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் இப்போது லாகில் எழுதுகிறோம். அவற்றுள் ஒன்று 14 நிமிடம் ஓடி, எந்த எக்செப்ஷனும் இல்லாமல், 200 (வெற்றி) என்ற நிலைக்குறியோடு நல்லபடியாக முடிந்திருக்கிறது. 10 நொடி எல்லை வைத்த அழைப்பு 14 நிமிடம் ஓடுவது எப்படி? நான் எழுதிய மதிப்பு போய்ச் சேரவே இல்லையோ என்று மூன்று முறை சரிபார்த்தேன், சேர்ந்திருக்கிறது.

மூன்றாம்கோப்பு எழுதியது:

ரீட் டைம்அவுட் என்பது மொத்த அழைப்புக்கான கெடு அல்ல. ஒரு முறை படித்துவிட்டு அடுத்த பைட்டுக்காகக் காத்திருக்கும் இடைவெளிக்கான கெடு அது. ஒவ்வொரு பைட் வந்து சேரும்போதும் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். 9 நொடிக்கு ஒரு பைட் வீதம் சொட்டு விட்டுக்கொண்டிருக்கும் சர்வரை உங்கள் 10 நொடி எல்லை ஒருநாளும் பிடிக்காது.

உங்களுக்கு வந்த பதிலை ஜேசனாக மாற்றுவதற்கு முன், வந்தது வந்தபடியே கோப்பில் எழுதிப் பாருங்கள். பெரிய கணக்கு ஓடும்போது நடுவிலிருக்கும் ப்ராக்ஸி (இடைச் சர்வர்) இணைப்பை வெட்டிவிடாமல் இருக்க, சில சேவைகள் ஹெடரை (பதிலின் தலைப்புத் தகவலை) உடனே அனுப்பிவிட்டு, பிறகு சில நொடிக்கு ஒரு வெற்றிடம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜேசன் தொகுதிக்கு முன்னால் எத்தனை வெற்றிடம் இருந்தாலும் அதைப் படிக்கும் பார்சர் முகம் சுளிக்காது என்பதால், வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

பேச்சு வந்ததால் என் பட்டறிவையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் வேறு லைப்ரரிக்குப் போனால் இதே கேள்வி வேறு உருவில் வரும். அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட்டின் 4ஆம் வரிசையை வைத்து எழுதிய செயலி ஒன்று எங்களிடம் இருந்தது. கனெக்ட் டைம்அவுட்டும் இருந்தது, சாக்கெட் டைம்அவுட்டும் இருந்தது, அப்படியிருந்தும் உறைந்தது. டம்பில் சாக்கெட் என்ற சொல்லே காணோம், எல்லா த்ரெட்களும் பூலிலிருந்து (திறந்த இணைப்புகளின் இருப்பிலிருந்து) இணைப்பு கேட்டு நின்றன. அந்த வரிசையில் ஒரு சேருமிடத்துக்கு இயல்பாக 2 இணைப்புகள்தான், மொத்தமே 20. எங்கள் குறியீட்டில் 404 (கேட்டது இல்லை என்ற நிலைக்குறி) வந்தால் மட்டும் பதிலை மூடாமல் திரும்பிப்போகும் கிளை ஒன்று இருந்தது. இரண்டு 404 வந்ததும் இரண்டு இணைப்புகளும் பூலுக்குத் திரும்பாமல் தொலைந்தன. பூலில் காத்திருப்பதற்குத் தனியாக 'கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் டைம்அவுட்' என்று ஒன்று உண்டு. அதை நாங்கள் வைக்கவில்லை. அதன் பிறகு வந்த ஒவ்வொரு த்ரெட்டும் வராத பேருந்துக்கு நின்றது. அந்த ஒரு கிளையைக் கண்டுபிடிக்க இரண்டு பேருக்கு நான்கு நாள் ஆயிற்று, திருத்தமோ ஒரே ஒரு வரி.

நிழல்வரி எழுதியது:

நீங்கள் சொன்னபடியே எழுதிப் பார்த்தேன். கோப்பைத் திறந்தால் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. காலியான கோப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு திரையை வலப்பக்கம் நகர்த்தினால் வெகுதூரத்தில் ஜேசனின் முதல் அடைப்புக்குறி நிற்கிறது. அதற்கு முன்னால் 167 வெற்றிடங்கள். 5 நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் 14 நிமிடக் கணக்கு ஏறக்குறைய நேராகிறது.

அலைவரிசை எழுதியது:

அப்படியானால் புதிய எச்டிடிபி கிளையண்ட்டுக்கு மாறுவதற்கு இதுவே காரணமாகட்டும். சிங்க்ரனஸான 'சென்ட்' முறையையே பயன்படுத்துங்கள், நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதில் கோரிக்கையைக் கட்டும்போதே 'டைம்அவுட்' குறிக்கலாம். அது முழு அழைப்புக்குமானது என்று நினைக்கிறேன்.

பழங்கணினி எழுதியது:

அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஜாவா 11இன் அந்த வகுப்பில் கோரிக்கைக்குக் குறிக்கும் டைம்அவுட், பதிலின் ஹெடர்கள் வந்து சேர்ந்ததும் ஓய்ந்துவிடுகிறது. பாடியை (பதிலின் உள்ளடக்கத்தை) படிக்கும் நேரத்துக்கு அந்தக் காவல் இல்லை. நம் நண்பருக்கு வந்திருப்பதோ ஹெடர் உடனே வந்து பாடி சொட்டும் நோய். மாறினால் குறியீடு அழகாகும், 14 நிமிடம் 14 நிமிடமாகவே இருக்கும்.

மொத்த அழைப்புக்கும் கெடு வேண்டுமானால் எனக்குத் தெரிந்த நேரான வழிகள் இரண்டு. ஒன்று, அதே வகுப்பின் 'சென்ட் அசிங்க்'கை அழைத்து, பாடியை முழு எழுத்துச் சரமாகக் கேட்டு, கிடைத்த ஃபியூச்சரில் 'கெட்' முறையை நேர வரம்போடு அழைப்பது. பாடி முழுவதும் வந்த பிறகே அந்த ஃபியூச்சர் நிறைவேறும் என்பதால் வரம்பு எல்லாவற்றையும் தழுவும். சற்று முன் இந்தச் சுற்று வழியைக் கிண்டல் செய்தவன் நானேதான். நேர வரம்பு சேரும்போது அதற்கு ஒரு பொருள் வந்துவிடுகிறது. வரம்பு கடந்ததும் அந்த ஃபியூச்சரை 'கேன்சல்' செய்யவும் வேண்டும். ஆனால் கேன்சல் செய்தால் அடியிலுள்ள இணைப்பும் நிற்கும் என்ற வசதி ஜாவா 16 முதல்தான். 11இல் உங்கள் த்ரெட் விடுபடும், சொட்டு பின்னணியில் விழுந்துகொண்டே இருக்கும்.

மற்றொன்று ஓகே எச்டிடிபி என்ற லைப்ரரி. அதில் இணைப்பு, படிப்பு, எழுத்து மூன்றுக்கும் தனித்தனியே இயல்பாக 10 நொடி வைத்திருக்கிறார்கள். அவற்றோடு 'கால் டைம்அவுட்' என்று ஒன்று இருக்கிறது. பெயர் தேடுவது முதல் பாடியின் கடைசி பைட் வரை எல்லாம் அதற்குள் அடக்கம். அதன் இயல்பு மதிப்பு மட்டும் சுழியம், நாமே வைக்க வேண்டும். ஜாவா 11இல் இருக்கும்வரை நான் இதையே சொல்வேன்.

பிறகு எப்போதாவது ஜாவாவின் சொந்தக் கிளையண்ட்டுக்கு மாறினால் பழைய வகுப்பின் பழக்கங்களை அங்கே எதிர்பார்க்காதீர்கள். பழையதில் 404 வந்தால் உள்ளீட்டு ஓடையைக் கேட்ட உடனே எக்செப்ஷன் எறியும், பிழைப் பதிலைத் தனி ஓடையிலிருந்து படிக்க வேண்டும். புதியதில் 404 என்பதும் ஒரு பதில்தான். நிலைக்குறியை நீங்கள் பார்த்தால்தான் உண்டு. பழையது ஒரே நெறிமுறைக்குள் ரீடைரக்ட்டை (வேறு முகவரிக்குத் திருப்புவதை) தானே பின்தொடரும், புதியது கேட்காமல் பின்தொடராது. மேலும் அது எச்டிடிபி 2ஐ விரும்பும் வகுப்பு. குறியாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி முகவரிக்குப் போகும்போது நெறிமுறையை உயர்த்தலாமா என்று கேட்கும் ஹெடர்களைச் சேர்த்து அனுப்பும். சில பழைய சர்வர்கள் அதைக் கண்டு மிரளும். அப்படி நேர்ந்தால் பதிப்பை 1.1 என்று கட்டிவிடுங்கள்.

எந்த லைப்ரரியானாலும் கிளையண்ட் பொருளை ஒரு முறை உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஜாவாவின் கிளையண்ட்டை ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாக்கினால், ஒவ்வொன்றும் 'செலக்டர் மேனேஜர்' என்ற த்ரெட் ஒன்றைப் பெற்றுப் போடும். அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கான த்ரெட்கள் நிறைந்த டம்பை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுகுறிப்பு எழுதியது:

நிழல்வரி, உங்கள் அழைப்புகளில் போஸ்ட் (எதிர்முனைக்குத் தரவு அனுப்பும் வகை) உண்டா? பழைய வகுப்பில் ஒரு பொறி இருக்கிறது. எனக்கு நேர்ந்தது இது.

ஒரு பதிவைச் சேர்க்கும் போஸ்ட் அழைப்பு. எதிர்முனையில் எப்போதாவது ஒரு பதிவு இரண்டாகச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் லாகில் ஒரே அழைப்புதான் தெரிகிறது, ஆனால் அவர்கள் லாகில் சரியாக ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு இருக்கின்றன. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நடுவிலிருந்த லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் கருவி) 60 நொடி அமைதியாக இருந்த இணைப்பை, ஒரு பைட்டும் பதில் தராமல் மூடிவிடும். பதில் தொடங்கும் முன்பே இணைப்பு அறுந்தால், எச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷன் அதே கோரிக்கையை நம்மிடம் சொல்லாமல் இன்னொரு முறை அனுப்பும், போஸ்ட்டாக இருந்தாலும். 'சன் நெட் எச்டிடிபி ரீட்ரை போஸ்ட்' என்ற பிராப்பர்ட்டியின் இயல்பு மதிப்பு 'ட்ரூ'. அதை 'ஃபால்ஸ்' ஆக்கியதும் இரட்டைப் பதிவு நின்றது.

மூன்றாம்கோப்பு எழுதியது:

நின்றது லைப்ரரி தானாக அனுப்பிய இரட்டை மட்டும்தான். டைம்அவுட் வந்தது என்பதற்குப் பதில் வரவில்லை என்று மட்டுமே பொருள்; வேலை நடக்கவில்லை என்று பொருள் அல்ல. நம் குறியீடே எக்செப்ஷனைப் பிடித்து மறுபடி அனுப்பினால் அதே கதைதான். தகவலைக் கேட்க மட்டும் செய்யும் எச்டிடிபி கெட் அழைப்பை மறுபடி அனுப்புவதில் பெரிய ஆபத்து இல்லை. போஸ்ட் என்றால், ஒவ்வொரு செயலுக்கும் நாமே ஓர் அடையாள எண்ணை உருவாக்கி ஹெடரில் அனுப்பி, அதே எண் இரண்டாம் முறை வந்தால் பழைய பதிலையே தருமாறு எதிர்முனையோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுமுயற்சியை நிறுத்திவிட்டு, நடந்ததா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்ததைச் செய்யுங்கள்.

அலைவரிசை எழுதியது:

ஒரு கேள்வி. ஜாவா 21இல் வர்ச்சுவல் த்ரெட்கள் (ஜேவிஎம் தானே நடத்தும் இலகுவான த்ரெட்கள்) முழுமையாக வந்துவிட்டன. அங்கே போய்விட்டால் காத்து நிற்கும் த்ரெட் ஏறக்குறைய இலவசம் என்கிறார்கள். இந்த இழையில் பேசிய தொல்லை எல்லாம் அங்கே தானாகவே மறைந்துவிடாதா?

பழங்கணினி எழுதியது:

ஒரு பாதி மறையும். வர்ச்சுவல் த்ரெட் சாக்கெட்டில் காத்திருக்கும்போது தன்னைத் தாங்கும் இயங்குதள த்ரெட்டை விட்டு இறங்கிவிடுகிறது. ஆகவே 200 என்ற சுவர் இல்லை. சிங்க்ரனஸ் பாணியில் நேர்க்கோடாக எழுதிவிட்டு அசிங்க்ரனஸின் கொள்ளளவைப் பெறலாம் என்பது உண்மையிலேயே நல்ல மாற்றம்தான், எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பூட்டுப் போட்ட 'சிங்க்ரனைஸ்டு' தொகுதிக்குள் இருந்தபடி காத்திருந்தால் அது இறங்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறை ஜாவா 24இல்தான் நீக்கப்பட்டது.

மறையாத பாதி எதிர்முனை. உங்கள் 200 த்ரெட் வரம்பு, யாரும் திட்டமிடாமலே, எதிர்முனைக்கு ஒரு மதகாகவும் இருந்தது. அதை எடுத்துவிட்டால் 10,000 அழைப்புகள் ஒரே நேரத்தில் போய், ஏற்கெனவே திணறும் சேவையின் கழுத்தில் ஏறும். அதனால் அங்கே 'செமஃபோர்' ஒன்றை வைத்து, ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புகள்தான் என்று நாமே மதகு கட்ட வேண்டும். ஓகே எச்டிடிபியின் டிஸ்பாட்சரில் 64 என்றும் ஒரு சேருமிடத்துக்கு 5 என்றும் வரம்பு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அது 'என்க்யூ' செய்த அசிங்க்ரனஸ் அழைப்புக்கு மட்டும்தான், சிங்க்ரனஸான 'எக்ஸிக்யூட்'டை அது தடுக்காது.

நிழல்வரி எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ஓகே எச்டிடிபிக்கு மாறிவிட்டோம். மூன்று மாத வேலை நான்கு நாளில் முடிந்தது. ஒரே கிளையண்ட் பொருள். இணைப்புக்கு 2 நொடி, படிப்புக்கு 5 நொடி, மொத்த அழைப்புக்கு 8 நொடி. போஸ்ட்டுக்குத் தானியங்கி மறுமுயற்சியை அணைத்திருக்கிறோம். வெளிச் சேவைக்கு முன்னால் 40 அனுமதிகள் கொண்ட செமஃபோர். அனுமதி உடனே கிடைக்கவில்லை என்றால் காத்திராமல், பயனருக்குப் பிறகு முயலுமாறு 503 அனுப்பிவிடுகிறோம். 200இல் 40 போனாலும் 160 த்ரெட்கள் மற்ற பக்கங்களுக்கு எஞ்சும் என்ற கணக்கில் வைத்த எண் அது.

அந்த வெற்றிடம் சொட்டும் அழைப்பு உண்மையிலேயே பெரிய அறிக்கை ஒன்றைக் கேட்பது என்று எதிர்முனையாரிடம் பேசியபோது தெரிந்தது. அதை 8 நொடிக்குள் கேட்பது நியாயமில்லை. ஆகவே பயனரின் கோரிக்கையிலிருந்து அதைப் பிரித்து, இரவு நேர வேலையாக்கி, 20 நிமிடக் கெடு கொண்ட தனிக் கிளையண்ட்டில் ஓடவிட்டிருக்கிறோம். அங்கே ஒரே ஒரு த்ரெட் நின்று காத்திருக்கிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

நேற்று மாலை எதிர்முனை மறுபடி விழுந்தது. ஏறத்தாழ அரை மணி நேரம் லாகில் டைம்அவுட்டும் 503யுமாக நிறைந்தன, நான் மற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் திறந்தன. அவர்கள் எழுந்ததும், இங்கே யாரும் எதையும் மறுதொடக்கம் செய்யாமலே, அடுத்த அழைப்பு 300 மில்லிநொடியில் பதிலோடு வந்தது.